குசினி மேடைக்கு எந்தக் கல்? பிறப்பைக் கேட்டுத் தெரிவுசெய்வோம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய தொடர்மாடி வீட்டை என் மச்சாள் வாங்கியிருக்கிறாள். சுவருக்கு நிறம் அடித்தாயிற்று, வயர் மாற்றியாயிற்று, குசினி மட்டும் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கல் விற்கும் கடையிலிருந்து மூன்று துண்டுகளைப் பையில் சுமந்துகொண்டு வந்து எங்கள் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று கறுப்பு, உள்ளே செப்பு நிறப் பொட்டுகள் மினுங்கின. ஒன்று வெள்ளை, சாம்பல் நிறக் கீறல் ஓடியது. மற்றது பால் வெள்ளை, ஒரு மறுவும் இல்லை.

"அத்தான், நீங்கள் கல்லைத்தானே படிச்சனீங்கள். கிரனைட், மாபிள், குவாட்ஸ். எதைப் போடுறது? நாளைக்குக் கடைக்காரருக்குச் சொல்லவேணும்."

"நாளைக்குச் சொல்லவேண்டாம், ஒரு இரவு பொறும்" என்றேன். ஒரு தேசிக்காயை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு கல்லின் மேலும் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் துடைத்துப் பார்த்தபோது கறுப்பில் ஒன்றுமில்லை. பால் வெள்ளையிலும் ஒன்றுமில்லை. சாம்பல் கீறல் ஓடிய வெள்ளையில் மட்டும் ஒரு வளையம். நேரே பார்த்தால் தெரியாது. யன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், தேசிக்காய் இருந்த இடத்தில் மினுக்கம் போய் வட்டமாக மங்கியிருந்தது. விரலால் தடவினால் மெல்லிய சொரசொரப்பு.

"கறையே அத்தான்?"

"கறை இல்லைப் பிள்ளை. கல்லு கரைஞ்சிருக்கு."

அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கொழும்பில் வீடு திருத்துகிற பலர் இதே மூன்று துண்டுகளோடு குழம்பி நிற்பதைப் பார்க்கிறேன். கடையில் நிறம் பார்க்கிறோம், விலை கேட்கிறோம். இந்தக் கல் எப்படி உண்டானது என்று கேட்பதில்லை. பாறையியல் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. எந்தச் சூட்டில், எந்த ஆழத்தில், எந்தக் கனியங்கள் சேர்ந்து ஒரு கல் உண்டானதோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் குசினியில் புளியும் சூடும் கத்தியும் படும்போது அது நடந்துகொள்ளும்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும், பாதிக் குழப்பம் அங்கேதான். கருங்கல் என்பது ஒரு பாறையின் பெயர் அல்ல. கடினமாகவும் கருமையாகவும் இருக்கும் எந்தக் கல்லையும் நம் ஆட்கள் கருங்கல் என்பார்கள். அதற்குள் ஐந்தாறு வகைப் பாறைகள் அடங்கும். கடைக்காரரின் "கிரனைட்" அதைவிட அகலமானது. மினுக்கம் பிடிக்கிற, அமிலத்துக்கு அசையாத கல் எல்லாம் அவருக்குக் கிரனைட்தான். பழந்தமிழில் பளிங்கு என்றால் ஒளி ஊடுருவும் படிகம். இன்று பலர் மாபிளைப் பளிங்கு என்கிறார்கள். நான் பளிங்கு என்று எழுதினால் படிகத்தையே சொல்கிறேன். குவாட்ஸ் என்பதோ இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர். கடற்கரை மணலில் மினுங்குவது குவாட்ஸ் என்ற கனியம். கடையில் பலகையாக நிற்பது அந்தக் கனியத்தைத் தூளாக்கி, பிசின் சேர்த்துத் தொழிற்சாலையில் அழுத்திச் செய்த பொருள். இந்தக் கட்டுரையில் பின்னதைக் குவாட்ஸ் பலகை என்றே எழுதுகிறேன்.

கற்கண்டும் பனங்கட்டியும்

கிரனைட் எப்படி உண்டாகிறது என்பதை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். கருப்பநீரைக் காய்ச்சி அச்சில் ஊற்றி உடனே ஆறவிட்டால் பனங்கட்டி. அதே பாணியைப் பானையில் ஊற்றி, பல நாள் அசைக்காமல் விட்டால் பனங்கற்கண்டு. சாறு ஒன்றுதான், ஆறிய வேகந்தான் வேறு. அவசரமாக ஆறினால் பளிங்குகள் வளர நேரம் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத மணிகளாகவே நின்றுவிடும். ஆறுதலாக ஆறினால் ஒவ்வொரு மணியும் பெருக்கும்.

பாறைக் குழம்பும் அப்படித்தான். எரிமலை வழியே வெளியே வந்து காற்றிலும் நீரிலும் ஆறினால் மணி தெரியாத ரயோலைட் என்ற பாறை. அதே குழம்பு வெளியே வராமல் பல கிலோமீற்றர் ஆழத்திலேயே சிக்கி, லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து ஆறினால் கிரனைட். அதனால்தான் கிரனைட் துண்டைக் கையில் எடுத்தால் மணிமணியாகப் பிரித்துப் பார்க்கலாம். கண்ணாடி போலத் தெரிவது குவாட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகம் காட்டுவது பெல்ஸ்பார். கரும்பொட்டு மைக்கா அல்லது ஹோண்பிளெண்ட். இந்த மணிகள் ஒன்றின் இடுக்கில் மற்றது வளர்ந்து பின்னிக்கிடக்கின்றன. நடுவில் வெறும் இடம் மிகமிகக் குறைவு. தண்ணீரும் எண்ணெயும் அவ்வளவு இலகுவில் உள்ளே போகாததற்கு அதுதான் காரணம்.

கடினத்தை அளக்க மோஸ் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை. நகம் இரண்டரை, கத்தி உருக்கு ஐந்தரைக்குக் கிட்ட, பெல்ஸ்பார் ஆறு, குவாட்ஸ் ஏழு. ஆகவே கிரனைட்டில் கத்தியை இழுத்தால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் உருக்குத்தான் கல்லில் சாம்பல் கோடாக ஒட்டும். துடைத்தால் போய்விடும். போகாவிட்டால் உங்களுக்கு விற்ற கல் கிரனைட் இல்லை.

மச்சாள் கொண்டுவந்த கறுப்புத் துண்டு, உண்மையில், பாறையியல் கணக்கில் கிரனைட் இல்லை. செப்புப் பொட்டு மினுங்கும் அந்தக் கறுப்பு ஆந்திராவில் சீமகுர்த்தி என்ற ஊர்ப் பக்கத்தில் வெட்டப்படுவது. கப்ரோ வகைப் பாறை. அதுவும் ஆழத்தில் ஆறுதலாக ஆறியதுதான், ஆனால் இரும்பும் மக்னீசியமும் கூடிய, சிலிக்கா குறைந்த குழம்பிலிருந்து வந்தது. அதில் குவாட்ஸ் ஏறக்குறைய இல்லை. பைரொக்சீன் என்ற கரும் கனியமும் சாம்பல் பெல்ஸ்பாரும் பின்னிக்கிடக்கின்றன, மினுங்குகிற பொட்டு பைரொக்சீனில் ஒரு வகை. கடைக்காரர் பிழையான பெயர் சொன்னார் என்று அவரோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை, உலகம் முழுக்க வியாபாரத்தில் இதற்குக் கறுப்புக் கிரனைட் என்றுதான் பெயர். ஆனால் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாரம் கூட: இருபது மில்லிமீற்றர் தடிப்பில் சதுர அடி ஒன்று ஐந்தரைக் கிலோ வரும். குவாட்ஸ் இல்லை என்பது இன்னொரு விதத்திலும் முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளூர்க் கல் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. புத்தளம் மாவட்டத்தில் தொனிகல போன்ற சில இடங்களில் நிஜமான கிரனைட் இருக்கிறது, மற்றப்படி நாம் பார்ப்பது பெரும்பாலும் நைஸ் அல்லது சார்னொக்கைட். ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் அழுந்தி, 700, 800 பாகைச் சூட்டில் உருகாமலே மணிகளை மாற்றி அடுக்கிக்கொண்டதுதான் நைஸ். வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும், சில துண்டுகளில் சிவப்புக் காணற் (கார்னெட்) பொட்டு இருக்கும். பார்க்க மிக அழகு. ஆனால் கறுப்பு வரிகளில் மைக்கா செறிந்திருந்தால் கல் அந்த வழியே பிளக்கப் பார்க்கும். சிங்குக்கு ஓட்டை வெட்டிய பிறகு முன்பக்கத்தில் மிஞ்சுவது நாலு விரல் அகலப் பட்டிதான். வரிகள் அந்தப் பட்டியைக் குறுக்கே வெட்டிப் போகும்படி கல்லை வைத்தால், தூக்கும்போதே முறியும். நீளவாக்கில் ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள்.

சார்னொக்கைட்டின் பெயர்க் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல்லை தோமஸ் ஹொலண்ட் என்ற பாறையியலாளர் 1893இல் ஆராய்ந்தார். பச்சை கலந்த கருமை. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் அதே வகை. அந்த மனிதரின் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்த வகைப் பாறை நம் நாட்டிலும் நிறைய இருக்கிறது. அதை உடைத்துச் சல்லியாக்கித்தான் வீதிக்கும் கொன்கிறீட்டுக்கும் போடுகிறோம். மச்சாளின் வீட்டுத் தூணுக்குள்ளேயே அது இருக்கக்கூடும்.

அபிஷேகம் என்ற சோதனை

கிரனைட் குடும்பம் குசினிக்குத் தாங்குமா என்று கேட்பவர்களை நான் கொச்சிக்கடைக்குத்தான் அனுப்புவேன். பொன்னம்பலவாணேசர் கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரை முழுக்கக் கருங்கல்லிலேயே திருப்பிக் கட்டினார். துறைமுகம் பக்கத்தில், உப்புக் காற்று நாள் முழுக்க வீசுகிற இடம். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. தூண்களில் சனங்கள் கை வைத்துப் போகும் உயரத்தில் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்க் கையும் திருநீற்றுக் கையும் பட்டுப் பட்டு அந்த இடம் கறுத்து வழவழவென்று இருக்கிறது. உளி கொத்திய மூலை இன்னும் கூர்.

இதைவிடப் பெரிய சான்று கருவறையில் இருக்கிறது. நம் கோயில்களில் மூலவர் கருங்கல். பால், தயிர், பஞ்சாமிர்தம், தேசிக்காய்ச் சாறு, இளநீர், மஞ்சள், எண்ணெய் என்று திரும்பத் திரும்ப அந்தக் கல்லின் மேல் ஊற்றுகிறோம். குசினி மேடையில் நீங்கள் ஒரு வருடத்தில் சிந்துவதை அங்கே ஒரு திருவிழாவில் ஊற்றிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக முகம் அழியாமல் இருக்கிறது. மாபிளில் செய்திருந்தால் மூக்கு எப்போதோ மழுங்கியிருக்கும். கல் தெரிந்த சிற்பிமார் பாறையியல் பாடம் படிக்கவில்லை, ஆனால் எந்தக் கல் புளிக்கு நிற்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

அம்மியும் அதே கதை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோண்டினால் வருவது சுண்ணக்கல் மட்டும். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கருங்கல் வெளியிலிருந்துதான் வரவேண்டும். காலடியில் கல் கிடந்தும் அதில் அம்மி கொத்தவில்லை. கொத்தியிருந்தால் சம்பலில் பாதி சுண்ணாம்பாக இருந்திருக்கும்.

வெள்ளைக் கல்லின் பலவீனம்

மாபிளை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு மிகப் பிடித்த பாறைகளில் அதுவும் ஒன்று. அதன் தொடக்கம் கடல். சிப்பி, பவளம், கடலுயிர்களின் ஓடு எல்லாம் அடியில் சேர்ந்து இறுகினால் சுண்ணக்கல். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் சேர்ந்தது, அது இன்னும் சுண்ணக்கல்லாகவே இருக்கிறது. கிணற்றுக்கட்டில் உற்றுப் பார்த்தால் சிப்பி அச்சுத் தெரியும். அதே வகைக் கல் பூமிக்குள் ஆழமாகப் புதைந்து சூடும் அழுத்தமும் பட்டால், சிப்பி அடையாளமெல்லாம் அழிந்து, எல்லாம் கல்சைட் என்ற ஒரே கனியத்தின் பளிங்குகளாக மாறும். அதுதான் மாபிள். கண்டி, மாத்தளை, பலாங்கொடைப் பக்கங்களில் நமக்கு இருப்பது இந்த மாதிரி மாறியது, 55 முதல் 60 கோடி ஆண்டுக்கு முந்திய கதை. அந்தக் காலத்தில் இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

நம் மாபிளை முதலில் ஒழுங்காகப் படித்தவர்களில் ஒருவர் கொழும்புத் தமிழர். 1877இல் இங்கே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராகவே பலருக்குத் தெரியும். ஆனால் அவர் தொடங்கியது கல்லில். இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கல் பற்றி, அதாவது மாபிள் பற்றி, 1902இல் இலண்டன் புவிச்சரிதவியல் சங்கச் சஞ்சிகையில் எழுதினார். அடுத்த ஆண்டு தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு அவர்தான் முதல் பணிப்பாளர். மாட்டு வண்டியும் கால்நடையுமாகப் போன காலத்தில் அந்த மனிதர் எத்தனை கற்களை உடைத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

உள்ளூர் மாபிளைக் கையில் எடுத்தால் இத்தாலியக் கராரா மாபிளோடு வித்தியாசம் உடனே தெரியும். கராரா சீனிபோலச் சிறு மணி. நம்முடையது கற்சீனிபோலப் பெரு மணி, திருப்பத் திருப்ப முகங்கள் மினுங்கும். உள்ளே தேன் நிற மைக்கா, நீல அப்பறைற்று, சில வேளை சிவப்பு ஸ்பைனல் பொட்டுகூட இருக்கும்.

குசினிக்கு மட்டும் இது பொருந்தாது. கல்சைட் மோஸ் அளவில் மூன்று. கத்தி கீறும், மணல் அரைபட்டாலே மினுக்கம் போகும். மூன்று திசையில் தட்டையாகப் பிளக்கும் தன்மை அதற்கு உண்டு. உலக்கையோ பாரமான சட்டியோ தவறி விழுந்தால் உள்ளே மணிகள் பிளந்து வெள்ளைப் புள்ளி விழும், துடைத்துப் போகாது. எல்லாவற்றிலும் மோசம் புளி. தேசிக்காய், வினாகிரி, பழப்புளி, தக்காளி, தயிர், எதில் அமிலம் இருந்தாலும் கல்சைட்டைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றும். நாம் அன்று பார்த்த வளையம் அதுதான். உள்ளூர் மாபிள் பலவற்றில் டொலமைட் என்ற கனியம் கலந்திருக்கிறது, அது கொஞ்சம் மெதுவாகக் கரையும். மெதுவாக என்றால் கரையாது என்று அர்த்தமில்லை. மேலே பூசுகிற சீலர் எண்ணெய்க் கறையைத் தடுக்கும், அமிலத்தை மறிக்காது. நாளைக்கு மூன்று முறை புளி விடுகிற சமையல் நம்முடையது. மாபிள் மேடை போட்டால் ஒரு பொங்கலுக்குள் முகம் மாறிவிடும்.

சாமியறைக்கு மாபிள் தாராளமாகப் போடலாம். அங்கேயும் ஒரு கவனம்: தேசிக்காய் மூடியில் விளக்கு ஏற்றுகிறவர்கள் கீழே தாம்பாளம் வையுங்கள்.

பிசினில் பிறந்த கல்

பால் வெள்ளைத் துண்டு தேசிக்காய்ச் சோதனையில் வென்றதே, பிறகு என்ன என்று மச்சாள் கேட்டாள். நியாயமான கேள்வி. குவாட்ஸ் பலகை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குவாட்ஸ் தூள், மிச்சம் பெரும்பாலும் பொலியெஸ்ரர் பிசினும் நிறமும். குவாட்ஸ் அமிலத்துக்கு அசையாது, கத்திக்கும் அசையாது. துளை இல்லாததால் மஞ்சள்கூட உள்ளே போகாது, சீலர் வேண்டாம். பலகைக்குப் பலகை நிறம் மாறாது. இவ்வளவும் உண்மை.

அதன் குறை பிசினில் இருக்கிறது. குவாட்ஸ் மணி குசினிச் சூட்டைத் தாங்கும், நடுவில் இருக்கும் பிசின் சுமார் 150 பாகையிலேயே நிறம் மாறத் தொடங்கும். வடை பொரிக்கும் எண்ணெய் 170, 180 பாகை. அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியை நேரே வைத்தால் மஞ்சள் வட்டம் விழும், விழுந்தால் அழிக்க வழியில்லை. வெயிலிலும் பிசின் மஞ்சளிக்கும். மச்சாள் வீட்டுக் குசினி யன்னல் மேற்கே கடலைப் பார்த்தது, பின்னேர வெயில் முழுக்க மேடையில்தான் விழும்.

இவை கவனமாக இருந்தால் சமாளிக்கக்கூடியவை. ஒவ்வொரு முறையும் ஒரு மணையை வைத்துவிட்டுச் சட்டியை வைக்கலாம். நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டில் குவாட்ஸ் பலகை போட்டார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் நடைபாதை முழுக்க வெள்ளைப் புகை. ஹற்றன் பக்கத்துத் தம்பி ஒருவர், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது, கிரைண்டரைப் பிடித்து சிங்க் ஓட்டையைக் காய்ந்தபடியே வெட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஒரு லேஞ்சி மட்டும். புருவமெல்லாம் மாவு பூசினமாதிரி வெள்ளை. தண்ணீர் விட்டு வெட்டினால் என்ன தம்பி என்று கேட்டேன். "தண்ணி ஊத்தினா கீழ் வீட்டுக்காரவங்க சத்தம் போடுறாங்க ஐயா. பழகிப்போச்சு."

அந்த மாவில் பெரும்பகுதி பளிங்குச் சிலிக்கா, அதாவது குவாட்ஸ். கண்ணுக்குத் தெரிகிற தூளை மூக்கு பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத, மைக்குரோன் கணக்கிலான தூள் நுரையீரலின் அடிவரை போகும். அதை விழுங்க வரும் உடலின் காவற் கலங்கள் அதனாலேயே சாகும், அந்த இடம் தழும்பாகும். தழும்பு கூடக்கூட மூச்சு குறையும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் இளம் தொழிலாளிகள் வரிசையாக நோயில் விழுந்த பிறகு, 2024 யூலை 1 முதல் இந்த வகைப் பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் அந்த நாடு தடைசெய்தது. அப்படித் தடைசெய்த முதல் நாடு அதுதான்.

கிரனைட் வெட்டினாலும் சிலிக்காத் தூள் வரும், அதிலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவாட்ஸ் இருக்கும். ஆகவே எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டே வெட்ட வேண்டும். ஆனால் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குவாட்ஸ் பலகை பத்துக்கு ஒன்பது, கிரனைட் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று வரும், கறுப்புக் கப்ரோவில் ஏறக்குறைய இல்லை, மாபிளில் மிகக் குறைவு. என் குசினி மினுங்குவதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை மூச்சு முட்டக்கூடாது. இதை ஒரு தெரிவுக் காரணமாக வைப்பது மிகையில்லை என்றே நினைக்கிறேன். விலையைவிட முக்கியமான காரணம் என்பேன்.

டைல்ஸ் போடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம். டைல்ஸும் கல்தான், ஒரு சுற்று சுற்றி வந்த கல். மழையில் பெல்ஸ்பார் உக்கிக் களியாகிறது, பொறலஸ்கமுவையில் தோண்டும் வெள்ளைக் களி அப்படி வந்தது. அதோடு மாத்தளைப் பெல்ஸ்பாரைச் சேர்த்துச் சுட்டால் மறுபடியும் கல்மாதிரி இறுகும். மலிவு, அமிலத்துக்கு நிற்கும். ஆனால் இணைப்பு இடுக்குகளில் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுக்கும், தேய்த்துத் தேய்த்துக் கை நோகும்.

கடைக்குப் போகும்போது

ஆகவே என் முடிவு: குசினி மேடைக்குக் கறுப்புக் கப்ரோ. கறுப்பில் விரல் அடையாளமும் எண்ணெய்ப் பிசுக்கும் உடனே தெரிகிறது என்பதுதான் அதன் ஒரே தொந்தரவு. கண்ணாடி மினுக்கத்தை விட்டு, தோல்மாதிரி மெல்லிய மேடுபள்ளம் விட்ட முடிப்பில் எடுத்தால் அதுவும் குறையும். வெள்ளைதான் வேண்டும் என்று மனம் நின்றால், வெளிர் கிரனைட் எடுங்கள், ஆனால் முதலில் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் உறிஞ்சுகிறது, சீலர் கட்டாயம். காணற் பொட்டோ மைக்காவோ நிறைந்த வெளிர் கல்லைச் சிங்குப் பக்கம் வைக்காதீர்கள். அவற்றில் இருக்கும் இரும்பு ஈரத்தில் துருவாகி மஞ்சள் கசியும்.

கறுப்பிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. சாம்பல் கல்லுக்கு மையோ எண்ணெயோ ஏற்றிக் கறுப்பாக்கி விற்பார்கள். பஞ்சில் கொஞ்சம் தினர் தொட்டு, மினுக்காத அடிப்பக்கத்தில் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கடையை விட்டு வாருங்கள். பிறகு கத்தி முனையால் ஒரு கோடு. பிறகு வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து தேசிக்காய். துண்டு தரமாட்டேன் என்கிற கடையில் கல் வாங்கவேண்டாம்.

கடலைப் பார்த்த பல்கனிக்கும் படிகளுக்கும் வேறு கணக்கு. உப்புக் காற்று ஈரமாகக் கல்லின் துளைக்குள் போகும், வெயிலில் காய்ந்து உப்பாகப் பளிங்கு கட்டும். கட்டும்போது மணிகளைத் தள்ளிப் பிரிக்கும். துளை குறைந்த கிரனைட்தான் அங்கே நிற்கும். வழுக்காமல் இருக்கத் தீ முடிப்பு கேளுங்கள். கல்லின் முகத்தில் தீச்சுவாலை ஓட்டுவார்கள். 573 பாகையில் குவாட்ஸ் தன் உள் அமைப்பை மாற்றிச் சட்டென்று பெருக்கும், மேல் மணிகள் தெறித்துச் சொரசொரப்பாகும். குவாட்ஸ் இல்லாத கப்ரோவிலோ மாபிளிலோ இது சரியாக வராது. ஒரே கனியம் குசினியில் வேண்டாதது, படியில் வேண்டியது.

வெட்டும் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கபேட் அடித்து முடிந்த பிறகு பாஸை வரவழைத்து, மட்டை வெட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள். சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை, விளிம்பு எல்லாம் பட்டறையில் தண்ணீரோடு வெட்டி முடிந்தே வரவேண்டும். வீட்டில் வைத்து ஒட்டும் வேலை மட்டும். அதற்கு ஒரு நாள் கூடச் செல்லும், கூலியும் கொஞ்சம் கூடும். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுங்கள்.

மச்சாள் கறுப்பையே எடுத்தாள். சாமி வைக்கிற மூலைக்கு மட்டும் கண்டிப் பக்கத்து மாபிளில் ஒரு சிறு துண்டு, மினுங்குகிற பெரு மணி அவளுக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை லொறி வந்தது. பலகை லிஃப்டுக்குள் போகவில்லை, நாலு பேர் மூன்று மாடி தூக்கினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி இளைப்பாறி.

அவளிடம் அம்மாவின் அம்மி இருக்கிறது, சாவகச்சேரியிலிருந்து வந்தது. அதை மேடையில் வைக்கலாமா என்று கேட்டாள். நடுவில் வைக்கவேண்டாம், கபேட்டின் பக்கப் பலகை நேரே கீழே நிற்கும் இடத்தில், அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு வை என்றேன். வைத்தாள். செத்தல் மிளகாயும் உப்பும் தேங்காய்ப்பூவும் வைத்து அரைத்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டாள். சாறு அம்மி விளிம்பால் வழிந்து கறுப்புக் கல்லில் சொட்டியது. அவள் அதைத் துடைக்க எழும்பவில்லை, சம்பலை உருட்டி எடுத்துக் கொண்டிருந்தாள்.